மூன்றாவது லைன் தண்ணீர் குடித்த மூன்று நாட்கள்

நேற்று மதியம் கேட் கூட்டத்தில் கை தூக்கி உங்கள் ஐந்து பேரையும் பேச்சுவார்த்தைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மூன்று வருடம் அந்தக் கமிட்டியில் இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன். கூட்டம் கலைந்ததும் உங்களில் இரண்டு பேர் என்னிடம் வந்து, "அக்கா, எங்களுக்குப் பேசவே வராது, பயமா இருக்கு" என்றீர்கள். பஸ் கிளம்பிவிடும் என்று சரியாகப் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தைரியசாலி என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை தெர்மாமீட்டர் வைப்பேன். டிப்ளமோ படித்தவள், ஆங்கிலத்தில் எழுதிய தாளை வாசித்துச் சொல்வாள் என்றுதான் என்னைக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். அந்த மேஜையில் பயத்தோடு உட்காரலாம். பயம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுத்தது வேறு ஒன்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னை நியாயமானவள் என்று நினைக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையால் நான் செய்த தவறைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வருடம் சேர்ந்தவர்களுக்கு ரிலீவர் என்பவள் என்றைக்கும் இருந்தவள்போலத் தோன்றும். நம் லைனில் இருபத்திரண்டு பேர் நிற்கிறோம். வண்டிகளுக்கு வயர் கட்டும் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்னால் வந்த பலகையில் உங்கள் பங்கு வயர்களை மாட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நடுவில் ஒருத்தி நகர்ந்தால் மொத்த லைனும் நிற்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் மஞ்சள் விளக்கைப் போடுகிறீர்கள், ரிலீவர் வந்து உங்கள் இடத்தில் நிற்கிறாள், நீங்கள் போய் வருகிறீர்கள். லைனுக்கு ஒரு ரிலீவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளை எடுத்துவிடப் பார்த்தார்கள். எடுப்பதற்கு முதல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தது நான்.

சங்கம் கேட்கும், கம்பெனி கொடுக்கும் அல்லது கொடுக்காது, அதுதான் பேச்சுவார்த்தை என்று நானும் நினைத்திருந்தேன். உள்ளே போனதும்தான் இரண்டு பட்டியல் இருப்பது தெரிந்தது. நாம் பதினெட்டுக் கோரிக்கை கொடுத்தோம். அவர்களும் ஒன்பது கோரிக்கை கொடுத்தார்கள். இதைக் கொடுத்தால் அதை விடுவீர்களா, அதை விட்டால் இதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று வாரக்கணக்கில் போகும். அவர்கள் பட்டியலில் முதல் வரி, 'ரிலீவர் முறையை நீக்குதல்'.

கூட்டம் எப்போதும் மூன்று மணிக்கு என்பார்கள். முதல் ஷிஃப்ட் முடிகிற நேரம். நாம் போய் உட்கார்ந்தால் டீ வரும், முந்திரி பிஸ்கட் வரும், ஹெச்.ஆர். மேலாளர் மட்டும் நாலு மணிக்குத்தான் வருவார். அதற்குள் கம்பெனி பஸ் போயிருக்கும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. திருநின்றவூரில் பக்கத்து போர்ஷன் அக்கா அவளைப் பார்த்துக்கொண்டார். ஐந்து மணிக்கு அந்த அக்காவும் தையல் கிளாஸ் எடுக்கப் போக வேண்டும். நாலரை ஆனதும் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். மேலாளர் அதைக் கவனித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. முக்கியமான வரிகளை அவர் நாலரைக்கு மேல்தான் எடுப்பார்.

நாலாவது கூட்டத்தன்று நம் செயலாளர் அண்ணன் வேறொரு வழக்கில் சாட்சி சொல்லத் தொழிலாளர் நீதிமன்றம் போயிருந்தார். எங்கள் பக்கம் நானும் செல்வியும் மட்டும். செல்வியை உங்களுக்குத் தெரியும். ஆவடியில் பிறந்து வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், மூன்றாவது லைனில் ஏழாவது இடம். மகளுக்கு அன்று காலையிலிருந்தே உடம்பு சுட்டது. மடியில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மேலாளர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மேடம், நீங்க படிச்சவங்க, நீங்க புரிஞ்சுப்பீங்க. ரிலீவரை எடுக்கணும்னு நான் சொல்லவே இல்ல. ஒரே ஒரு லைன், ஒரே ஒரு மாசம், இல்லாம ஓட்டிப் பார்ப்போம். ஒப்பந்தம் இல்ல, வெறும் சோதனை. சரிப்படலன்னா விட்டுடுவோம். பார்க்கவே கூடாதுன்னா அது என்ன நியாயம்?"

"பாக்கறதுக்கு இன்னா சார் கீது?" என்றாள் செல்வி. "நீங்க இங்கயே நாலு மணி நேரம் எழுந்துக்காம உக்காந்து பாருங்க. தெரிஞ்சுடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மினிட்ஸ், கூட்டக் குறிப்பு என்று ஒரு பக்கத்தை டைப் செய்து கொண்டுவந்து வைத்தார்கள். செல்வி மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் வாசித்தேன். மூன்றாவது லைனில், ஒரு மாதம், சோதனை முறையில், இரு தரப்பு உரிமைக்கும் பாதகமின்றி. நல்ல ஆங்கிலம். தவறான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மாதம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. தாளில் இருந்ததை மூன்று முறை வாசித்தேன். இல்லாததை வாசிக்க எனக்கு அன்று தெரியவில்லை.

அம்பத்தூரில் ரயில் ஏறி அண்ணனூர் தாண்டினோம். செல்வி கேட்டாள், "இன்னாமே, போட்டுட்ட?"

"சோதனைதானே செல்வி."

"என் லைன்ல சோதன. உன் லைனா இருந்தா பேனாவ எடுத்திருப்பியா?"

நான் ஐந்தாவது லைன். பதில் எனக்குத் தெரியும்.

அந்த மாதம் மூன்றாவது லைனுக்கு இரண்டு சக்கர வண்டி வயர்களை மட்டும் கொடுத்தார்கள். மாட்டுவதற்குச் சுலபமானது, வயர் குறைவு. டேப்லெட் வைத்துக்கொண்டு ஒருவர் லைன் ஓரமாக நின்று, எந்த இடத்தில் எத்தனை விநாடி தாமதம் என்று குறித்துக்கொண்டிருந்தார். லைன் நிற்கவே இல்லை. முதல் வாரம் நிற்கவில்லை, இரண்டாவது வாரமும் நிற்கவில்லை. எனக்குப் பாதி நிம்மதி, பாதி சந்தேகம். ரிலீவர் இல்லாமலே முடியும் போலிருக்கிறதே, நாம்தான் வீணாக அடம்பிடித்தோமோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து அவர்கள் லைன் வழியாகப் போனபோது தண்ணீர் பாட்டில் வைக்கும் ரேக்கைப் பார்த்தேன். இருபத்திரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. எல்லாம் கழுத்துவரை நிரம்பியிருந்தன. காலையில் பிடித்து வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

செல்வியைப் பிடித்துக் கேட்டேன். "யாருமே தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சா போவணும். போனா லைன் நிக்கும். நின்னா யாரால நின்னுச்சுன்னு அந்த ஆளு எழுதிக்கினு போவான். என் பேருக்கு நேரா ஒரு கோடு உழணுமா?"

"இப்படி ஓட்டினா சோதனை அவங்க பக்கம்தானே ஜெயிக்கும்?"

"அது எங்களுக்குத் தெரியாதா? இருபத்திரெண்டு பேருக்கும் தெரியும். மொதல்ல எவ நிறுத்துவா, அத்த சொல்லு."

நம்மிடம் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. மாதா மாதம் நல்ல லைன் என்று போர்டில் எழுதுகிறார்கள் அல்லவா, தன் லைனுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று ஒவ்வொருத்தியும் வாயைக் கட்டியிருந்தாள். தன்னால் நின்றது என்று இருக்கக்கூடாது என்று தனித்தனியாக யோசித்து, இருபத்திரண்டு பேரும் சேர்ந்து கம்பெனியின் சோதனையை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் ரயிலில் செல்விக்கு நடுக்கம். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. சிறுநீரில் தொற்று என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில் மேலாளர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். நேர்க்கோடு. "ஒரு நாள்கூட நிக்கல. உங்க பெண்களே நிரூபிச்சுட்டாங்க. மூணாவது லைன் இப்படியே ஓடட்டும். வர்ற மாசத்துலருந்து எல்லா லைனும் இப்படித்தான்."

"மாசம் முடிஞ்சுது சார். பழையபடி ரிலீவரைப் போடுங்க" என்றார் செயலாளர் அண்ணன்.

"திரும்பணும்னு எங்கண்ணே எழுதியிருக்கு?" என்று தாளை நகர்த்தினார் மேலாளர்.

அண்ணன் தாளைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் நானே ஆரம்பித்தேன். கமிட்டியிலிருந்து விலகிவிடுகிறேன் என்றேன்.

"நீ போனா அந்தத் தாள்ல இருக்கிற கையெழுத்தும் உன் கூட வருமாம்மா?" என்றார். "அது இங்கதான் இருக்கும். நீயும் இங்கயே இரு."

சோதனை என்று ஒன்றை ஒப்புக்கொண்டால், முடிந்த பிறகு அதுதான் நடப்பு நிலை. நாம் ஏற்கெனவே வைத்திருந்ததைத் திரும்ப வாங்க, வேறு ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். என்ன கேட்கப்போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. கொடுக்க வந்தார்கள்.

அந்த வாரம் பக்கத்து போர்ஷன் அக்கா, அடுத்த மாதம் குத்தம்பாக்கத்தில் அவர் தம்பி கட்டிய வீட்டுக்குக் குடிபோவதாகச் சொல்லியிருந்தார். மகளை விட வேறு இடம் இல்லை. என் மாமியார் படுக்கையில் இருக்கிறார், என் அம்மா இல்லை. ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லி, காரணத்தையும் எழுதி, ஹெச்.ஆரில் கடிதம் கொடுத்திருந்தேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் உட்காரச் சொல்லவில்லை. நடந்துகொண்டே பேசினார். கேன்டீனுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அறை முன்னால் நின்றார். வாசலில் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு, சுவரில் கேரட் கடிக்கும் முயல் படம்.

"ரிலீவர் விஷயத்தை இத்தோட முடிச்சுக்கிட்டா, அடுத்த மாசம் முதல் தேதியே இதைத் திறந்துடலாம் மேடம். ஆயா, தொட்டில், பால், எல்லாம். உங்க பொண்ணுதான் முதல் அட்மிஷன். நான் உங்க குழந்தையை நினைச்சுத்தான் சொல்றேன்."

இரண்டு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடினாள். காப்பகமும் பெண்களுக்குத்தானே. பாத்ரூம் இடைவேளையை இரண்டு நிமிடம் கூட்டி வாங்கிக்கொள்ளலாமே. கைக்குழந்தைக்காரிகள் எத்தனை பேர் வேலையை விட்டிருக்கிறார்கள், அது கணக்கில் வராதா. ஒவ்வொரு வாதமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் செல்வியோடு ரயிலில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத வாதத்தை எப்படி நம்புவது?

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த அறைக்குப் போய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே அட்டைப் பெட்டிகள். முயலின் காதுவரை அடுக்கியிருந்தார்கள். இத்தனை பெண்கள் வேலை செய்கிற தொழிற்சாலையில் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால்தான் அறையைக் கட்டி, போர்டு மாட்டி, முயல் வரைந்து, அதிகாரி வரும்போது காட்டிவிட்டு மற்ற நாட்களில் பெட்டி அடுக்குகிறார்கள். என்னுடையதைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதையே எனக்கு விற்க வந்திருக்கிறார்கள். அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் கவலைதான்.

உங்களைத் தனியாக அழைத்து என்ன சொன்னாலும் அன்றே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு நாள் தாமதித்தேன். அந்த இரண்டு நாளும் நான் அவர்கள் கமிட்டியில்தான் இருந்தேன்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட் கூட்டம். டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று, கையெழுத்துப் போட்ட கதையைச் சொன்னேன். காப்பக விஷயத்தையும் சொன்னேன். முதல் லைன் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"படிச்சவளாச்சே, பாத்து பண்ணுவான்னு அனுப்புனோம். இவ இன்னாடான்னா நம்மள இங்கிலீஷ்ல வித்துட்டு வந்து நிக்கிறா."

கூட்டம் சிரித்தது. நான் தலை குனிந்து நின்றேன். செல்விக்குத் தொற்று மறுபடி வந்து, முந்தின நாளிலிருந்து மெடிக்கல் லீவு. ஓய்வில் இருக்க வேண்டியவள், ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"ஏய், இரு. அவ கையெழுத்து போட்டது ஒரு நாளு. நாம முப்பது நாளு போட்டோம். குடிக்காத ஒவ்வொரு பாட்டிலும் கையெழுத்துதான். நானும் போட்டேன், ஆஸ்பத்திரி வரைக்கும் போயி போட்டேன். இப்ப இன்னா பண்ணப்போறோம், அத்த பேசு."

கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி கேட்டாள், "அப்ப காப்பகம் வேணாங்கிறீங்களா அக்கா?"

"வேணும். எனக்கு அடுத்த மாசமே வேணும்" என்றேன். "ஆனா அது அவங்க குடுக்கறது இல்ல, பூட்டி வெச்சிருக்கறது. அதைத் திறக்க நாம பாத்ரூம் போறதை விக்க வேண்டாம்."

ஸ்ட்ரைக் வேண்டாம் என்று முடிவானது. கோஷம் வேண்டாம், வேகத்தைக் குறைக்க வேண்டாம். மூன்றாவது லைன் எப்போதும்போல வேலை செய்யும். எப்போதும்போலத் தண்ணீர் குடிக்கும். போக வேண்டிய நேரத்தில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுப் போகும். அவ்வளவுதான். மொதல்ல எவ நிறுத்துவா என்று செல்வி கேட்டது மட்டும் பாக்கி இருந்தது. அவள் இடம் காலியாக இருந்தது. ஆள் குறைவென்று சூப்பர்வைசர் திணறிக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது லைனுக்கு வருகிறேன் என்று போய்க் கேட்டேன். சந்தோஷமாக அனுப்பினார்.

முதல் நாள் காலை ஒன்பதரை மணி. பாட்டிலை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி குடித்தேன். பத்து மணிக்கு மஞ்சள் விளக்கைப் போட்டேன். யாரும் வரவில்லை. சூப்பர்வைசர் வந்தார்.

"என்னம்மா இது? இந்த லைன்ல ரிலீவர் இல்லன்னு தெரியாதா?"

"தெரியும் சார். அதான் சொல்லிட்டுப் போறேன்."

லைன் நின்றது. ஓடிக்கொண்டே இருக்கிற கன்வேயர் நின்றால் எவ்வளவு நிசப்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிசப்தத்தில் பாத்ரூம்வரை நடந்தேன். டேப்லெட்காரர் என் பெயரை எழுதுவது முதுகில் தெரிந்தது. மெமோ வரும், வேலை போகும், வீட்டு வாடகை, மகள், எல்லாம் மனதில் ஒரு சுற்று வந்தது. கையைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். பதினோராவது இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது, "லேட் பண்ணிட்டீங்க அக்கா, எனக்கு எட்டு மணியிலருந்தே" என்றாள்.

மூன்று நாள் அப்படி ஓடியது. எனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் மெமோ வந்தது. வேண்டுமென்றே உற்பத்தியை முடக்கியதாக எழுதியிருந்தார்கள். சங்கம் தொழிலாளர் துறையில் தாவா எழுப்பி மனுக் கொடுத்தது. சமரச அதிகாரி இரண்டு தரப்பையும் அழைத்தார்.

மேலாளர் அதற்கு முன்னால், நமக்குள் உட்கார்ந்தே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், அங்கெல்லாம் எதற்கு என்றார். இதைக் கவனமாகக் கேளுங்கள். நமக்குள் போடும் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அதிகாரியின் சமரசத்தில் போடுவது சங்கத்தில் இல்லாதவரையும், நாளைக்குப் புதிதாகச் சேர்கிறவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். உங்களில் இரண்டு பேர் அப்போது வேலைக்கே சேரவில்லை. ஆனாலும் உங்களுக்கு ரிலீவர் இருக்கிறாள் அல்லவா, அது அந்த அலுவலகத்தில் போட்ட கையெழுத்தால்தான்.

அதிகாரி ஒரு அம்மாள். மேஜை முழுக்க ஃபைல். கம்பெனி வக்கீல் வரைபடத்தைக் காட்டித் 'திட்டமிட்ட முடக்கம்' என்று பத்து நிமிடம் பேசினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சதா? என்ன செஞ்சீங்க?"

"தண்ணி குடிச்சேன் மேடம்."

"எவ்வளவு?"

"எப்பவும் குடிக்கிற அளவு. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு பாட்டில்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு வக்கீலிடம், "இதை எந்த மெமோவில் எப்படிக் குற்றமா எழுதுவீங்க, எனக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்றார். வக்கீல் வரைபடத்தை மடித்து ஃபைலில் வைத்தார்.

அவர் நமக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் வேலை அது இல்லை. பேசி முடியுங்கள், அதுவரை ரிலீவர் பழையபடி இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு ஐந்து முறை உட்கார்ந்தோம். பூந்தமல்லி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனி பஸ் கேட்டிருந்தோம், அதை விட்டோம். அவர்களில் சிலர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கினேன் என்று சொல்கிற ஆளிடம், எதை விட்டாய் என்று கேளுங்கள்.

கடைசி நாள் வரைவு வந்தது. ரிலீவர் பற்றிய வரியில், 'உற்பத்தித் தேவைக்கேற்ப ரிலீவர்கள் அமர்த்தப்படுவார்கள்' என்றிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. தேவையை யார் முடிவு செய்வது என்று அதில் இல்லை. இந்த முறை இல்லாததை வாசித்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"டைம் ஆச்சு மேடம்" என்றார் மேலாளர். "உங்களுக்கு ட்ரெயின் இல்லையா?"

"அடுத்த ட்ரெயின் இருக்கு சார்."

அடித்துவிட்டு எழுத வைத்தோம். 'லைனுக்கு ஒருவர், எல்லா ஷிஃப்டிலும்.' அதற்குக் கீழே இன்னொரு வரி, எந்தச் சோதனையானாலும் முடியும் நாளில் தானாகவே பழைய நிலை திரும்பும். அந்த இரண்டு வரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மெமோக்களைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினார்கள்.

கையெழுத்துக்கு முன்னால் மேலாளர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நல்லெண்ணத்தோடு காப்பகத்தையும் திறக்கிறோம், ஒப்பந்தத்தில் அதையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் பக்கத்திலேயே சிலர் முகம் மலர்ந்தது. செயலாளர் அண்ணனும் என்னைப் பார்த்தார். பக்கத்து போர்ஷன் அக்கா காலி செய்ய ஒன்பது நாள்தான் இருந்தது.

"அதை எடுத்துடுங்க" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "ஏம்மா, காப்பகம் வேண்டாமா?"

"வேணும் மேடம். இந்தத் தாள்ல வேண்டாம். இதுல எழுதினா அவங்க குடுத்ததா ஆயிடும். மூணு வருஷம் கழிச்சு அதையும் வெச்சு பேரம் பேசுவாங்க. அதுக்குத் தனியா புகார் எழுதியிருக்கோம்."

அவர் அந்த வரியை அடித்தார். ரயிலில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குக் கிறுக்குதான்மே புடிச்சிருக்கு" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. திருநின்றவூர் வருவதற்குள் நாலு தடவை மனம் மாறினேன்.

புகாரின் பேரில் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். பெட்டிகளை எடுத்தார்கள். ஆயா போட வேண்டும் என்று அலைந்ததில் ஒன்றரை வருடம் போனது. அதுவரை என் கணவர் அவர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கி, பகலில் மகளைப் பார்த்துக்கொண்டார். அவர் தூங்கும்போது அவள் எங்கேயும் போய்விடாமல் இருக்கத் தன் வேட்டி நுனியை அவள் கொலுசில் முடிந்துகொள்வாராம். நானும் அவரும் பார்த்துக்கொண்டது வாசலில் சாவி மாற்றும்போது மட்டும். அந்த வரியை அடித்தது சரியா என்று அந்த ஒன்றரை வருடமும் தினமும் கேட்டுக்கொண்டேன். காப்பகம் திறந்தபோது என் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவள் ஒருநாள்கூட அங்கே இருந்ததில்லை. இப்போது பதினோரு குழந்தைகள் இருக்கிறார்கள். உங்களில் இருவருடைய பிள்ளைகளும் அதில் உண்டு.

இந்த முறை கம்பெனி கொடுக்கப்போகும் பட்டியலில், காப்பக நேரத்தைக் குறைப்பது என்று ஒரு வரி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாலரை மணிக்கு மேல்தான் அதை எடுப்பார்கள். படிச்சவங்க, நீங்க புரிஞ்சுப்பீங்க என்பார்கள். காரணம் கேட்காதீர்கள், பதிலுக்குக் காரணம் சொல்லவும் வேண்டாம், ஒரு மாதம் பார்ப்போம் என்றால் அதையும் காதில் வாங்காதீர்கள். இது நம் ஒப்பந்தத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது, அதனால் இதில் பேச ஒன்றும் இல்லை, அடுத்த வரி என்ன என்று மட்டும் கேளுங்கள். கை நடுங்கினால் மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று வருடமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.